இரண்டு புள்ளி வித்தியாசம்

கோப்பையை ஜெரோமின் கையில் கொடுத்தார்கள்.

பிளாஸ்டிக் கோப்பைதான். அடியில் ஒட்டியிருந்த தாளில் அவள் பெயர் இருந்தது. அதைச் சத்தமாக வாசித்தார்கள். வாசித்துவிட்டு அவள் புருஷனிடம் நீட்டினார்கள்.

அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெரோமுடன் பள்ளிக்கூட டீமில் ஆடிய ரூஃபஸ் கண்ணடித்தான்.

“மயினி பேருலதான் டீமு. போட்டது யாருன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெரோமும் சிரித்தான்.

நான் போடவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவன் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தான்.

அவள் துடைத்த இடத்தையே திரும்பவும் அழுத்தித் துடைத்தாள்.

எட்டுப் பேர் லீக். இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கால்பந்தில் ஆடுகிறவர்களில் பதினைந்து பேரைப் பொறுக்கி, ஃபோனில் ஆளுக்கொரு டீம். அங்கே அவர்கள் கோல் போட்டால், கோலுக்குப் பாஸ் கொடுத்தால், பெனால்ட்டியைத் தடுத்தால் இங்கே புள்ளி. கேப்டன் என்று குறித்தவனுக்கு மட்டும் இரட்டைப் புள்ளி. ஆகஸ்டில் தொடங்கி மே வரை முப்பத்தெட்டு வாரம். ஏழு ஆண்கள், அவள் ஒருத்தி. எட்டாவது ஆள் அகப்படாததால் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் முதலிடம். ஜெரோம் ஏழாமிடம்.

ஏழாமிடத்துக்காரன்தான் முதலிடத்து டீமையும் போட்டானாம். இடிக்கிறதே என்று அந்த அறையில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

ஜெயித்தவர் வீட்டில் விருந்து. கடைசியில் வந்தவர் பாத்திரம் கழுவ வேண்டும். அதுதான் இவர்கள் வழக்கம்.

ஆகவே ஜெயித்த குற்றத்துக்கு அவள் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். மூன்று கிலோ சீலா மீனை அறுத்து, மசாலா தடவி, பொரித்து எடுத்தாள். மீன் பிரமாதம் என்று ஆளுக்கொரு முறை சொன்னார்கள். மீனைப் பொரித்தது அவள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

முப்பத்தெட்டு வாரம்.

பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் டீமை முடித்துவிட வேண்டும். துணி மடித்துக்கொண்டே முடித்திருக்கிறாள். ரேஷன் கடை வரிசையில் நின்று முடித்திருக்கிறாள். ஒருமுறை துக்க வீட்டில், ஃபோனை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு முடித்தாள். அதற்காக இறந்தவரிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டாள்.

பிப்ரவரியில் ஒரு வாரம் எல்லோரும் ஒரே ஸ்ட்ரைக்கரைக் கேப்டன் ஆக்கினார்கள். அவள், இடது ஓரத்தில் நின்று தடுத்தாடும் ஒரு லெஃப்ட் பேக்கைப் போட்டாள். கார்னர் அடிப்பது அவன்தான் என்று மூன்று ஆட்டமாகக் கவனித்து வைத்திருந்தாள். கல்லூரி டீமில் மூன்று வருஷம் கோல்கீப்பராக நின்றவள் அவள். தனக்கு முன்னால் ஆடும் டிஃபெண்டர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

ஜெரோம் எட்டிப் பார்த்தான். டிஃபெண்டரை எவனாவது கேப்டன் போடுவானா என்று தலையில் அடித்துக்கொண்டான்.

லெஃப்ட் பேக் ஒரு கோல் போட்டான். இரண்டு கோலுக்குப் பாஸ் கொடுத்தான். அன்றைக்கு முதலிடத்துக்கு ஏறியவள், அப்புறம் இறங்கவே இல்லை.

“பேசுலே” என்றான் ரூஃபஸ்.

அதுவும் வழக்கம்தான். ஜெயித்தவர், அந்த வருஷம் தான் எடுத்த நல்ல முடிவு எது என்று எழுந்து சொல்ல வேண்டும்.

எல்லோரும் ஜெரோமைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவன். விளையாட்டு போதும், உண்மையைச் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தாள்.

ஜெரோம் எழுந்தான். தொண்டையைச் செருமினான். பிப்ரவரியில் ஒரு லெஃப்ட் பேக், என்று ஆரம்பித்தான்.

கார்னர் யார் அடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். மூன்று ஆட்டமாவது பார்க்க வேண்டுமாம். அவள் அவனிடம் சொன்னதையெல்லாம், சொன்ன வரிசை மாறாமல், கொஞ்சமும் கூசாமல் சொன்னான்.

அவள் கையிலிருந்த துணி முறுக்கி முறுக்கிக் கயிறாகிவிட்டது.

அடுக்களையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சகாயம் மீன் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இந்த வருஷம் எட்டாமிடம் அவனுக்கு. ஜெரோமைவிட இரண்டே புள்ளி குறைவு.

அந்த இரண்டு புள்ளியும் அவள் போட்டதுதான்.

நவம்பரிலேயே ஜெரோமுக்கு அலுத்துவிட்டது. டீமைத் தொடுவதில்லை. கூட்டாளிகள் முன்னால் அவன் பாத்திரம் கழுவி அசிங்கப்படக் கூடாதே என்று, தன் டீமை முடித்த கையோடு அவன் ஃபோனையும் எடுத்துக்கொள்வாள். கடைசி வாரம் அவனுடைய கோல்கீப்பரை மாற்றியது அவள். புதிதாக வந்தவன் ஒரு பெனால்ட்டியைத் தடுத்தான்.

ஜெரோமுக்கு எல்லாம் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போவான்.

பேச்சு முடிந்தது. கைதட்டினார்கள்.

அவள் துணியை மேசைமேல் போட்டாள். கத்தவில்லை. அடுக்களை வரைக்கும் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னாள்.

“என் டீம அவரே போட்டதா இருக்கட்டும். நவம்பர்லருந்து அவரு டீமப் போட்டது யாருன்னும் கேளுங்க.”

ரூஃபஸ் ஜெரோமைத் திரும்பிப் பார்த்தான்.

ஜெரோம் கோப்பையைக் கீழே வைத்தான். அவளைப் பார்க்கவில்லை.

அடுக்களையில் குழாய்ச் சத்தம் நின்றது.

சகாயம் ஈரக் கையோடு கதவோரம் வந்து நின்றான். பாதி தேய்த்த மீன் சட்டியையும் கொண்டு வந்திருந்தான்.