நாற்பத்தோராவது படி

நாற்பத்தோராவது படியில் மாப்பிள்ளை காஷ்பர் மணப்பெண்ணைக் கீழே இறக்கிவிட்டான்.

"அவ்வளவுதானா?" என்றார் மாமனார் ஸ்டானே.

ஏரி நடுவில் தீவிலிருக்கும் அந்தத் தேவாலயத்துக்கு மொத்தம் தொண்ணூற்றொன்பது படி. கல்யாணத்தன்று மாப்பிள்ளை மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு அத்தனையும் ஏற வேண்டும். உச்சிக்குப் போய்ச் சேரும்வரை அவள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் குடித்தனம் நிலைக்காது. ஏறி முடித்தவர்கள்தான் கோயில் மணியை அடித்து வேண்டிக்கொள்ளலாம்.

இதைப் பார்ப்பதற்கென்றே ஸ்லோவேனியாவுக்கு விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு. இன்றும் படியின் இரு பக்கமும் நின்று, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி, அவரவர் மொழியில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொன்றில் அத்தனை மொழியும் ஒன்றாக நின்றது.

மாப்பிள்ளைக்குப் பின்னால் சத்தமாகப் படி எண்ணிக்கொண்டு வருவது படகுக்காரர் வேலை. இவர்களைப் படகில் கொண்டுவந்த யெர்னெய்யும் நிறுத்தினார்.

பாவம், பையன் சும்மா வரவில்லை. இரண்டு மாதமாக உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கியிருக்கிறான். காலையில் படகில் வரும்போது அவனே சொன்னான். ஆனால் மூட்டை சிரிக்காது. மணப்பெண் உர்ஷா வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்த சிரிப்பில் முப்பதாவது படியிலேயே அவன் பிடி தளர்ந்துவிட்டது.

இப்போது அவள் சிரிக்கவில்லை.

"கடிகாரம் ரிப்பேர் பண்றவனுக்குப் பொண்ணைக் கொடுத்தா இப்படித்தான். பாதியில நின்னுபோகும்," என்றார் ஸ்டானே. மர அறுவை ஆலை வைத்திருப்பவர். குரலும் ரம்பம் மாதிரிதான்.

உறவுக்காரர்கள் சிரித்தார்கள். யெர்னெய் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஸ்டானே அண்ணே, நாற்பது தாண்டிட்டா கொஞ்சம் இளைப்பாறலாம். அதுவும் வழக்கம்தான்."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

"டூரிஸ்ட்டுகிட்ட விடற கதையை என்கிட்ட விடாதே. வழக்கம்னா பரம்பரையா வரணும். படகுக்காரன் நினைச்சா உண்டாக்கிடறதா?"

பிறகு ஸ்டானே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, முப்பது வருஷத்துக்கு முன்னால் தன் கல்யாணத்தில் மெட்காவைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறியதை ஆரம்பித்தார். அன்றைக்கு ஏரி முழுக்கப் பனிமூட்டம். சொந்தக்காரர்கள் வந்த இரண்டாவது படகு வழி தெரியாமல் பிந்திவிட்டது. வந்து பார்த்தால், உச்சிப்படியில் மனைவியைக் கையில் ஏந்திக்கொண்டு ஸ்டானே நிற்கிறார்.

"நம்பலைன்னா யெர்னெய்யைக் கேளுங்க. அன்னிக்கும் இவன்தான் படகு. சொல்லுடா, நடுவுல எங்கேயாவது இறக்கினேனா?"

யெர்னெய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "மெட்கா அம்மாவோட செருப்பு ஒரு படியிலயும் படலை. அது சத்தியம்."

"கேட்டியா?" என்றார் ஸ்டானே மாப்பிள்ளையிடம். "மேல கொண்டுபோய்ச் சேர்க்க முடியலைன்னா மணிக் கயித்தைத் தொடாதே."

காஷ்பர் நெற்றியைத் துடைத்தான். "முதல் படியிலேர்ந்து மறுபடி ஏறறேன், மாமா."

அவன் வலது காலை ஊன்றாமல் நின்றதை யெர்னெய் பார்த்தார். காலைத் தூறலில் கல் நனைந்திருந்தது. இன்னொரு முறை ஏறினால் இருபதாவது படிகூடத் தாண்டமாட்டான். விழுந்தால் இரண்டு பேரும் உருள வேண்டியதுதான். உர்ஷா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் நின்றது. உதட்டை மட்டும் பிரிக்கவில்லை.

படகில் கண்டதைக் கரையில் சொல்லக் கூடாது என்பது படகுக்காரர்களின் கட்டுப்பாடு. அதை மீறாமல் முப்பது வருஷம் ஓட்டியாயிற்று. அது நல்ல குணமா, வெறும் கோழைத்தனமா என்று யெர்னெய்க்கு இன்றுவரை தெரியவில்லை. போதாததற்கு ஸ்டானேயின் அந்த ஒரே மூச்சுக் கதையைப் படகில் ஏறும் பயணிகளுக்கெல்லாம் யெர்னெய்யே சொல்லிச் சொல்லிப் பெரிதாக்கியிருக்கிறார். இப்போது அது இந்தப் பையன் தலையில் வந்து விழுகிறது.

காஷ்பர் உர்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கத் திரும்பினான்.

"நில்லுங்க மாப்பிள்ளை."

உச்சியில் காத்திருந்த மெட்கா குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கணவனைத் தாண்டினாள். மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பேசுடி," என்றாள்.

உர்ஷா வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டானே பதறினார். "வழக்கத்தைக் கெடுக்காதே, மெட்கா."

"அந்த வழக்கத்துக்கு வயசு முப்பதுதான். பனிமூட்டத்துல இவர் என்னைத் தூக்கிட்டு வந்தாரே, அப்ப உண்டானது." அவள் கை யெர்னெய்யைக் காட்டியது. "உச்சிப்படியில உங்க கையில என்னைக் கொடுத்துட்டு, மணப்பெண் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் இங்க வழக்கம்னு சொன்னார். உங்க மானம் போகக் கூடாதுன்னு நானும் சரின்னேன்."

யெர்னெய் ஏரியைப் பார்த்தார். ஸ்டானேயும் ஏரியைத்தான் பார்த்தார். என்ன நடக்கிறதென்று புரியாவிட்டாலும், பயணிகள் கைப்பேசியை இறக்கவில்லை.

மெட்கா மருமகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, மகளிடம் சொன்னாள்:

"உங்கப்பா உட்கார்ந்தது முப்பத்தெட்டாவது படியில. உன் புருஷன் மூணு படி கூடவே ஏறியிருக்கான். போய் மணியடிங்க."