முரசு அட்டை

டேட்டன் நகரத்து அட்டைச் சந்தையில் கிளீட்டஸ் கிழவரை ஏமாற்ற இன்னும் ஆள் பிறக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்பு சிகரெட் பெட்டிக்குள் வந்த பேஸ்பால் அட்டைகளை, பின்பக்க விளம்பரத்தை வைத்தே தரம் பிரித்துவிடுவார். பதினைந்து வகை சேர்த்தாயிற்று. முரசுப் படம் போட்டது மட்டும் ஆயுசு முழுக்கத் தேடியும் சிக்கவில்லை.

அன்று ஒரு கிழவி அதைக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் ஒரு மணி நேரம் நிமிரவே இல்லை.

“அசல்தான். என்ன வேணும்?”

“வாசல்ல நிக்கிற உங்க வண்டி.”

குனிந்தபடியே சாவியை நீட்டினார்.

“முன்பக்கத்தையும் ஒரு தடவை பாத்துருங்களேன்.”

“மூஞ்சியப் பாக்கிறதெல்லாம் சின்னப் பசங்க வேலைம்மா. பின்பக்கம்தான் ஜாதகம்.”

வண்டி கிளம்பிப் போன பிறகு, பக்கத்துக் கடை டெல்மர் அட்டையைத் திருப்பினார். ஆட்டக்காரன் முகத்தின் குறுக்கே பேனாவால் எழுதியிருந்தது.

“‘என் உயிர் மேவிஸுக்கு, உன் கிளீட்டஸ், 1962.’ பின்பக்கம் பாக்கத் தெரியாத வயசுல நீயே குடுத்ததா இது? அடப்பாவி, நிச்சயம் பண்ணிட்டு நீ விட்டுட்டு ஓடினியே, அந்த மேவிஸா? ஏன்யா, வந்தவ மூஞ்சியக்கூடவா பாக்கல?”