பொதுமக்களில் ஒருவர்

"என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கவே கூடாது. உள்ள போனதும் தனித்தனியா உட்காருங்க. அண்ணா, நீ ஜன்னல் ஓரம். பெரியம்மா, நீங்க தூணுக்குப் பக்கத்துல."

மாடிப்படி வளைவில் நின்று அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னதைக் கேட்டிருந்தால், ஏதோ வங்கியைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். விஷயம் அதைவிட ஆபத்தானது. அவள் சொற்பொழிவு ஆற்றப் போகிறாள்.

பல்கலைக்கழகத்தில் அன்று 'பொதுமக்கள் நாள்'. யார் வேண்டுமானாலும் வரலாம், நாட்டு வரலாற்றைப் பற்றி நாள் முழுக்கக் கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். துணைவேந்தரின் சொந்த யோசனை இது. மக்கள் வெள்ளமாக வருவார்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியும் விட்டார். காலையிலிருந்து வந்த வெள்ளம் கணுக்காலைக்கூட நனைக்கவில்லை.

அவள் வரலாற்றுத் துறையில் தற்காலிக விரிவுரையாளர். "வெளியாள் ஒருத்தராவது உங்க பேச்சைக் கேட்டுட்டுக் கேள்வி கேக்கணும்மா. இல்லேன்னா அடுத்த வருஷம் உங்க வேலையை நீட்டிக்க எனக்கு வழியில்ல" என்று முந்தின வாரமே துணைவேந்தர் சொல்லிவிட்டார்.

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். பெரியம்மா தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஆளுக்கொரு கேள்வியை அவளே சொல்லிக் கொடுத்து, இரண்டு நாளாக ஒப்பிக்க வைத்திருந்தாள்.

"பாதியில மறந்துட்டா என்ன பண்றது?" என்றான் அண்ணன்.

"இருமிட்டு உட்கார்ந்துடு."

அரங்கில் பாதி நாற்காலிகள் காலி. கடைசி வரிசையில் துணைவேந்தர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிப் பாடப் புத்தகம் ஒவ்வொன்றிலும் இருக்கும் முதல் கொடியேற்றப் படத்தை அவள் திரையில் காட்டினாள். கொடிமரம், மேடை, அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு ஜனங்கள்.

"இது தானா சேர்ந்த கூட்டம்னு நாம நம்பிட்டிருக்கோம். இல்ல. அதிகாரிங்க அவங்கவங்க வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து நிரப்பின கூட்டம்" என்றாள்.

ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். ஜன்னல் ஓரத்தில் அண்ணன் நெளிந்தான்.

பேச்சு முடிந்ததும் முதலில் அவன்தான் எழுந்தான். கேள்வியை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, பதில் வருவதற்குள் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அடுத்து பெரியம்மா. ஒரு சொல் பிசகாமல் கேட்டு முடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"காலையில வெறும் வயித்தோட கிளம்பி வந்தியே, ஏதாவது சாப்பிட்டியாம்மா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் துணைவேந்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை போய்விட்டது என்றே அவள் முடிவு செய்தாள்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். அவள் அவரை முன்பின் பார்த்ததில்லை. அவர் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், கூட்டிட்டு வந்த கூட்டம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? என்ன ஆதாரம்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவள் இத்தனை வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பசியும் பயமும் எங்கே போனதென்று தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள்.

"கண்களைப் பாருங்க. தானா வந்தவன் கொடியைப் பார்ப்பான். இவங்க யாருமே கொடியைப் பார்க்கல. கூட்டிட்டு வந்தவர் எப்போ கைதட்டச் சொல்வார்னு அவரைத்தான் பார்த்துட்டிருக்காங்க."

நீலச் சட்டைக்காரர் பலமாகக் கைதட்டினார். அரங்கமே சேர்ந்து தட்டியது.

வெளியே வராந்தாவில் துணைவேந்தர் அவளை நிறுத்தினார். அண்ணனும் பெரியம்மாவும் இரண்டடி தள்ளி, பிடிபட்ட திருடர்கள் போல நின்றார்கள்.

"இவங்க ரெண்டு பேரும் உங்க வீட்டு ஆளுங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"மன்னிச்சுக்குங்க சார். வேற வழி தெரியல. இந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுது."

"பொய்க் கூட்டத்தைப் பத்திப் பேசறதுக்கு ஒரு பொய்க் கூட்டமா? வரலாறு படிச்சவங்க செய்யற வேலையா இது?" பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அவர் கையை அழுத்தினான்.

துணைவேந்தர் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "ஆனா அந்த நீலச் சட்டைக்காரர் இருக்காரே, அவர்தாம்மா பொதுமக்கள். யாரும் கூப்பிடாம, வரலாறு மேல இருக்கிற ஆசையில வந்த மனுஷர். பத்திரிகைக்காரங்ககிட்டயும் அவரைப் பத்தித்தான் சொல்லப் போறேன். அவர் ஒருத்தருக்காகத்தான் உங்க வேலையை நீட்டிக்கிறேன். இனிமே இந்தக் குறுக்கு வழியெல்லாம் வேண்டாம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ எவரோ, நல்ல நேரத்தில் வந்து வயிற்றில் பாலை வார்த்துவிட்டார். எப்படியாவது அவரைப் பிடித்து ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகத் திரும்பினாள்.

தேட வேண்டிய அவசியமே இல்லை. நீலச் சட்டைக்காரர் அவர்களைப் பார்த்துத்தான் வேகமாக வந்துகொண்டிருந்தார். கும்பிடப் போன அவளைத் தாண்டி, நேராகத் துணைவேந்தர் முன்னால் போய் நின்றார்.

"சரியாக் கேட்டேனா மாமா?"