கட்டம் கட்டமாக ஒரு கடிதம்

"புதுக் கம்ப்யூட்டர் வாங்கினதுலேருந்து என் பையன் அனுப்புற மெயில் எல்லாம் கட்டம் கட்டமா வருது. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியல" என்றார் பெரியவர்.

மெக்கானிக் அரைமணி நேரம் துழாவினான். "உங்க பக்கம் கோளாறு இல்ல சார். அனுப்புறவர் பழைய மெயில் புரோகிராம் வச்சிருக்கார். அங்கதான் செட்டிங்கை மாத்தணும். பையன் எங்க இருக்கார்?"

"வெளிநாட்டுல. மூணு வருஷமாச்சு."

மெயில் வந்த வழியைத் திறந்து பார்த்த மெக்கானிக் திரையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தான்.

"சார், இது உங்க வீட்டு இணைப்புலேருந்தே வந்திருக்கு. இங்க வேற கம்ப்யூட்டர் இருக்கா?"

"மாடியில, பையனோட அறையில ஒண்ணு இருக்கு. அந்த அறை பூட்டியே கிடக்கு."

தலைக்கு மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

மெக்கானிக் திடுக்கிட்டு எழுந்தான். பெரியவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்து உட்காரவைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"என் சம்சாரம்தான் தம்பி. பையன் அங்க போன மூணாம் மாசமே விபத்துல செத்துட்டான். எனக்கு நெஞ்சு பலவீனம்னு என்கிட்ட மறைச்சுட்டு, அவன் பேர்ல அவளே எழுதறா. எனக்கு அப்பவே தெரியும்."

மெக்கானிக் மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தான்.

"சாயந்திரம் அவ கடைக்குப் போவா. அப்ப வந்து, அவளுக்குத் தெரியாம அந்த மெஷினைச் சரிபண்ணிடுங்க. என்ன எழுதியிருக்கான்னு தெரியாம ஒரு வாரமா நான் பதில் போடல. பதில் வரலைன்னு அவ சரியாச் சாப்பிடறதே இல்ல."