யார் வாசித்த கெட்டிமேளம்?

முத்தியால்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரம் நழுவிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சுப்பிரமணியன் மேடையேறி நின்றுவிட்டார்.

"பைக் வாசலுக்கு வரட்டும். அப்புறம்தான் எம்புள்ள தாலி கட்டுவான்."

பெண்ணின் அப்பா தட்சிணாமூர்த்தி கையைப் பிசைந்தார். "அடுத்த மாசம் வாங்கிக் குடுத்துடறேன், சம்மந்தி."

"அப்ப தாலியும் அடுத்த மாசமே கட்டிக்கலாம்."

அவர் வாயை மூடுவதற்குள் மண்டபமே அதிரும்படி கெட்டிமேளம் முழங்கியது. அந்தச் சத்தம் கேட்டால் யார் கைதான் சும்மா இருக்கும்? கூட்டம் அட்சதையை வீசியது. பழக்க தோஷத்தில் சுப்பிரமணியனும் ஒரு பிடி வீசிவிட்டுத் திரும்பினால், மகன் ராஜா மூன்றாவது முடிச்சில் இருந்தான்.

"எவன்யா வாசிக்கச் சொன்னது?" என்று மேளக்காரர்கள் மேல் பாய்ந்தார்.

"நாங்க எங்கங்க வாசிச்சோம்? காபிதானே குடிச்சிட்டிருக்கோம்!" என்றார் தவில்காரர்.

மணப்பெண் சங்கவி குனிந்த தலை நிமிராமல் ராஜாவிடம் கேட்டாள்.

"நீங்க செஞ்ச கார் ரேஸ் கேம்ல ஜெயிச்சா வர்ற மேளம்தானே? போன்ல போட்டுக் காட்டினீங்களே!"

"அதேதான். ரெக்கார்ட் பண்ணி கேமுக்குள்ள போடறப்பல்லாம் தவிலு தகர டப்பாவா கேட்டுது. நேர்ல வாசிக்கற மாதிரி மாத்தறதுக்குள்ள உயிரு போயிடுச்சு. மைக் செட்டுல லேப்டாப்போட உக்காந்திருக்கறது என் ஃப்ரெண்டுதான்."

சுப்பிரமணியன் காதில் அது விழுந்துவிட்டது. "கம்ப்யூட்டர் மேளமா? இந்தக் கல்யாணம் செல்லாது!"

அவர் மனைவி செல்வாம்பாள் நிதானமாகச் சொன்னாள்.

"அப்படியா? எங்க, நீங்களே போயி முடிச்ச அவுத்துட்டு வாங்க, பாப்போம்."