ஆறாவது கடிதம்

பேத்தியின் சேர்க்கைப் படிவத்தை டெஸ் கார்மடி என் மேசைமேல் வைத்ததும் நான் செய்த முதல் காரியம், பிஸ்கட் டப்பாவை மூடியதுதான்.

பள்ளி அலுவலகத்துக்கு யார் வந்தாலும் பிஸ்கட் உண்டு. பள்ளிக் குழுவின் தலைவரான கார்மடிக்கு மட்டும் கிடையாது. ஊரே டெஸ் என்று கூப்பிடுகிற மனிதரை நான் மட்டும் விறைப்பாக மிஸ்டர் கார்மடி என்பேன். இரண்டு வருடமாக அவருக்குக் காஃபின் நீக்கிய காப்பியைக் கலந்து கொடுத்துவருகிறேன், அவருக்குத் தெரியாது. என் பழிவாங்கல் அதுவரை இந்த லட்சணத்தில்தான் இருந்தது. வன்மம் மலையளவு, வசதி இவ்வளவுதான்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்தது.

நான்கு வருடத்துக்கு முன் என் கணவருக்கு இறைச்சி ஆலை மூலமாக விசா புதுப்பிப்பது தாமதமானது. மகள் மைலினுக்கு அப்போது எட்டு வயது. 'புதிய விசாவைக் காட்டும்வரை தங்கள் பிள்ளை பள்ளி வாசலுக்குள் வரலாகாது' என்று கடிதம் வந்தது. கீழே கார்மடியின் கையெழுத்து.

பதினோரு நாள்.

எங்கள் வாடகை வீடு பள்ளிக்கு எதிர்ச்சாரியில். மைலின் தினமும் சீருடை போட்டுக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். எதிரே மணி அடித்ததும் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். அடுத்த மணிக்கு மூடுவாள்.

பிறகு ஆலைக்கு எங்கள் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் ஆட்கள் வர வர, விசாப் பிள்ளைகள் பெருகினார்கள். அந்தப் படிவங்கள் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னையே இந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முதல் வாரமே விதிகளைப் படித்தேன். புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் பிள்ளை பள்ளிக்குப் போக ஒரு தடையும் இல்லை. தடுத்தது அந்தக் கடிதம் மட்டும்தான்.

இப்போது அவருடைய படிவம். பெயர் டார்சி கார்மடி, ஏழு வயது. 'ஆஸ்திரேலியக் குடிமகளா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று பெரிதாக ஒரு குறி. கூடவே இருந்த கடவுச்சீட்டு கனடா நாட்டுடையது.

தாய் மார்ச் மாதம் கால்கரியில் இறந்துவிட்டாளாம். தகப்பன், அதாவது இவர் மகன், சுரங்கத்தில் வேலை, மூன்று வாரம் சுரங்கத்தில், ஒரு வாரம் வீட்டில். பிள்ளைக்கு இனி தாத்தா வீடுதான். வந்ததிலிருந்து யாரிடமும் பேசவில்லை, பள்ளிக்குப் போனாலாவது வாய் திறப்பாள் என்று தொப்பியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

எந்த விசாவில் வந்தாள் என்று கேட்டேன்.

"விசாவா? அவ கார்மடி வீட்டுப் பொண்ணு, லீ. நம்ம ஊரு போர் நினைவுத்தூண்ல எங்காளுங்க பேரு மூணு இருக்கு, போய்ப் பாரு."

லிகாயா என்ற என் பெயரை வெட்டி லீ ஆக்கியதும் இவர்தான்.

கணினி நினைவுத்தூணைக் கேட்கவில்லை. கடவுச்சீட்டு எண்ணைத்தான் கேட்டது. சுற்றுலா விசா என்று காட்டியது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விசா என்பது எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை சேர்த்துவிடலாமா என்றார். பார்க்கலாம் என்றேன். அந்தச் சொல்லை நான் இந்த நாட்டு அலுவலகங்களில்தான் கற்றுக்கொண்டேன்.

பழைய கடிதம் கணினியில் அப்படியே இருந்தது. மைலினின் பெயரை எடுத்துவிட்டு டார்சியின் பெயரைப் போட இரண்டு நிமிடம் ஆனது.

அன்று வெள்ளிக்கிழமை. தலைவர் கையெழுத்துக்கு ஏற்கனவே ஐந்து கடிதங்கள் காத்திருந்தன. தலைப்பேன் பற்றிப் பெற்றோருக்கு எச்சரிக்கை, கூரை ரிப்பேர், இப்படி. ஆறாவதாக இதை அடியில் செருகி அவர் முன் வைத்தேன்.

பேத்தியின் பெயரைப் பார்த்துப் பேனா நிற்கும். நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். அப்போது சொல்வதற்கென்று நான்கு வருடமாக ஒரு வசனம் வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் ஒன்று, எங்கள் இலோங்கோ மொழியில் ஒன்று. இலோங்கோவில் கொஞ்சம் கெட்ட வார்த்தையும் உண்டு.

அவர் மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டே போட்டார். கூரை. பேன். நான்கு. ஐந்து. ஆறு. பேனாவை மூடினார்.

"படிக்காமலா போடுறீங்க, மிஸ்டர் கார்மடி?"

"நான் எதுக்குப் படிக்கணும்? இருபது வருஷமா ஆபீஸ்ல நீட்டுவாங்க, நான் போடுவேன். நீங்கல்லாம் நல்ல மனுஷங்கதானே."

நான்கு வருடமாக நான் நினைத்திருந்தது வேறு. இந்த ஆள் என் மகளின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்து, யோசித்து, பேனாவை அழுத்தியிருப்பார் என்று. அந்தப் பதினோரு நாள் நடந்ததே அவருக்குத் தெரியாது.

தெரிந்ததும் கோபம் குறையும் என்று எதிர்பார்த்தேன். கூடியது.

திங்கட்கிழமை எட்டரைக்குப் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னேன். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், வேறு காரணத்துக்காக.

அவர் போனபின் படிவத்தைத் திருத்தினேன். சுற்றுலா விசாவிலேயே மூன்று மாதம் படிக்கலாம். குடியுரிமை விண்ணப்பத்தையும் எடுத்து, அவர் நிரப்ப வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டினேன். டார்சியின் பெயரை வகுப்புப் பட்டியலில் சேர்த்தேன்.

பிறகு அவரே கையெழுத்துப் போட்ட ஆறாவது கடிதத்தை உறையிலிட்டு, கார்மடியின் வீட்டு முகவரியை எழுதி, தபால்பெட்டியில் போட்டேன்.

அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் எங்கள் ஊர்த் தபால் பிரிஸ்பேன் போய்த்தான் திரும்பும். புதன்கிழமைக்கு முன் கிடைக்காது. அதற்குள் டார்சி இரண்டு நாள் பள்ளிக்குப் போயிருப்பாள்.