சுத்தமான மலை

"புடுங்கின புல்லைப் பள்ளத்துல எறியாம, மலையிலேயே விரிச்சு வச்சிருக்கியே, வேலாயி?"

"எறிஞ்சவங்க மலைதான் இப்பக் கருகிக் கிடக்குதுண்ணே."

கந்தப்பனுக்குச் சுருக்கென்றது. இலங்கையில் தெமோதரைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மேல்மலை என்ற சரிவு அவன் பொறுப்பு. நேர் கீழே இருப்பது வேலாயியின் மலை. மூன்று மாதமாக மழையில்லை. வறண்ட கச்சான் காற்றுதான் வீசியது. அவன் செடிகளின் இலைகள் பழுத்து உதிர்ந்தன. அவளுடையவை கொழுந்து விட்டுக்கொண்டிருந்தன.

"அடுத்த மாசம் வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா வேற தோட்டம் பாத்துக்க" என்று தோட்டத்தை நடத்தும் துரை அவனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இதே துரைதான் போன வருடம் 'தோட்டத்திலேயே சுத்தமான மலை' என்று அவனுக்குக் கம்பளி கொடுத்தவர். மூன்று வருடமாகத் தரையைச் சுரண்டியால் வழித்து, ஒரு சருகு தங்காமல் பெருக்கி வைத்திருந்தான். கீழே எட்டிப் பார்த்து, "சோம்பேறி மலை" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தவனும் அவன்தான்.

"சொன்னதையெல்லாம் மறந்துடு தங்கச்சி. இது எப்படின்னு காட்டு."

வேலாயி சருகை விலக்கினாள். அடியில் கறுத்த, ஈர மண். இரண்டு புழுக்கள் நெளிந்தன. செம்புத் தண்ணீரைச் சாய்த்தாள். ஊற்றிய இடம் தெரியாமல் உள்ளே இறங்கிவிட்டது.

"புழு போற ஓட்டை வழியாத் தண்ணி இறங்கிடும். மேல சருகு மூடியிருந்தா வெயில் அதை உறிஞ்சாது. வழிச்சு விட்ட தரை ஓடு மாதிரி இறுகிப் போயிடும்ணே. மழை பேஞ்சாலும் மேலாலயே ஓடிடும்."

கந்தப்பன் ஒரு பிடி அள்ளினான். மண் புட்டு மாதிரி உதிர்ந்தது.

"என் மலையில இப்படி மண்ணு உண்டாக எத்தனை வருசமாகும்?"

"நம்ம காலம் பத்தாது."

கந்தப்பன் அந்த மண்ணைக் கையிலேயே பிடித்துக்கொண்டான். "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? இதுல இருபது கூடை கொடு. செடி மூட்டுல போட்டுப் பாக்குறேன். உன் கால்ல விழறேன்."

"அள்ளிக்கங்கண்ணே. கால்லயெல்லாம் எதுக்கு?" செடிகளுக்கு நடுவே குறுக்கே அடுக்கியிருந்த கற்களை வேலாயி காட்டினாள். "மூணு வருசமா, மழைக்கு மழை மேலேருந்து வழிஞ்சு வந்ததை இந்தக் கல்லுதான் தடுத்து நிறுத்துச்சு. நீங்க கையில வச்சிருக்கிறது உங்க மலை மண்ணுதான்."